தராசில் ஏறிய அம்மா

அன்புள்ள அண்ணா,

இந்தக் கடிதத்தில் எதையும் கூட்ட மாட்டேன், எதையும் ஒளிக்கவும் மாட்டேன் என்று அம்மாவுக்கு வாக்குக் கொடுத்துவிட்டுத்தான் பேனாவைத் திறந்திருக்கிறேன். இது அம்மா உனக்கு எழுதும் கடிதம். அம்மாவுக்கு எழுத வராது என்பதால் கை மட்டும் என்னுடையது. அம்மா பக்கத்தில் பலகையில் உட்கார்ந்துகொண்டு, "அதையும் எழுது", "அது வாணாம்... சரி, அதையும் எழுது" என்று சொல்லிக்கொண்டிருக்கிறாள். நம் லயத்து வீடுகளுக்குக் கரண்ட் விளக்கு வந்துவிட்டது என்று போன கடிதத்தில் எழுதியிருந்தேன் அல்லவா? அது உண்மைதான். ஆனால் வரிசைக்கே ஒரு சுவிட்ச்தான். எட்டரை மணிக்கு வாட்சர் வந்து அணைத்துவிடுவார். இப்போது மணி ஆறு. ஏரோகிராம் தாள் போதாது என்று என் நோட்டின் நடுத்தாள்களைக் கழற்றி வைத்திருக்கிறேன். இந்தியாவிலிருந்து கடிதம் வந்தால் அங்கே நுவரெலியாவில் நம் பழைய லயத்தில் எல்லோரும் கூடிவிடுவார்கள், ஒருவர் உரக்கப் படிக்க மற்றவர்கள் கேட்பார்கள் என்பது அம்மாவுக்குத் தெரியும். "கேக்கட்டும். எல்லாருக்குந்தான் சொல்றேன். அந்த லயத்துல வெத்தல போடாத வாயி எது?" என்கிறாள். ஆகவே நீ இதை மறைத்து வைத்துப் படிக்க வேண்டியதில்லை.

முதலில் ஒரு குற்றத்தை ஒப்புக்கொள்கிறேன். ஒரு வருடமாக நான் உனக்கு எழுதிய எல்லாக் கடிதங்களிலும் "இங்கு யாவரும் நலம்" என்றுதான் தொடங்கினேன். அது பொய். அம்மாவுக்கு வாயில் புற்றுநோய் வந்திருந்தது. பயப்படாதே. இந்த வரியைச் சொல்லும்போதே அம்மா கிண்ணத்தில் பருப்புச் சோற்றைக் குழைத்துச் சாப்பிட்டுக்கொண்டிருக்கிறாள், இரண்டாவது முறையாக நெய்யும் கேட்டு வாங்கிக்கொண்டாள். நீ அங்கே தனியாக இருக்கிறாய், உன் பாஸ்போர்ட் வேறு பைலில் மாட்டிக்கொண்டிருக்கிறது, கப்பல் ஏற இன்னும் எத்தனை மாதமோ, உனக்குச் சொல்லி என்ன ஆகப்போகிறது என்று அம்மாவும் அப்பாவும் முடிவு செய்தார்கள். நானும் எழுதினேன். ஆனால் போன வாரம் வந்த உன் கடிதத்தில், வேலையைப் பற்றியும் மழையைப் பற்றியும் எழுதிவிட்டு, கடைசியில் ஓரத்தில் ஒரு வரி போட்டிருந்தாய்: "கொஞ்ச நாளாகச் சம்பல் சாப்பிட முடியவில்லை, காரம் பட்டால் கன்னத்துக்குள் எரிகிறது." நான் அதைப் படித்ததும் அம்மா, தேயிலைக் கொழுந்துக் கூடையை இறக்குவது போல, கையிலிருந்ததை அப்படியே கீழே வைத்துவிட்டாள். அவளுக்கும் அப்படித்தான் தொடங்கியது.

அம்மாவுக்கு எரிச்சல் வந்தபோது அவள் செய்ததெல்லாம் மிளகாயைக் குறைத்ததுதான். வெற்றிலையோடு மெல்லும் புகையிலையைக் குறைக்கவில்லை. பிறகு இடது கன்னத்துக்குள் வெள்ளையாக ஒரு தடம் வந்தது. அது புண்ணாயிற்று. வாயைக் கொஞ்சம்தான் திறக்க முடிந்தது. "பல்லு குத்துது" என்று எங்களிடம் சொன்னாள். ஒருநாள் தோட்டத்து டிஸ்பென்சரிக்குக் காய்ச்சலுக்காகப் போனவளை, கம்பவுண்டர் வாயைத் திறக்கச் சொல்லிப் பார்த்துவிட்டு, மாத்திரை கொடுக்காமல் சீட்டு எழுதிக் கையில் கொடுத்து, நாளைக்கே கோயம்புத்தூருக்குப் போகச் சொல்லிவிட்டார். கோத்தகிரியில் பஸ் ஏறி மேட்டுப்பாளையம், அங்கிருந்து கோயம்புத்தூர். அந்த ஊர் ஆஸ்பத்திரியில் துளி சதையை எடுத்துப் பார்த்து, கரண்ட் வைக்க வேண்டும் என்றார்கள். கரண்ட் என்றால் நீ நினைக்கும் ஷாக் இல்லை அண்ணா. ஒரு பெரிய மெஷினுக்குக் கீழே படுக்க வைக்கிறார்கள், கண்ணுக்குத் தெரியாத ஒளி புண்ணின் மேல் படுகிறது, அந்த நேரத்தில் வலிக்காது. வலியெல்லாம் பிறகுதான். மூன்று வாரம் வைத்தார்கள். வாய் முழுவதும் வெந்துபோயிற்று. எச்சில் வற்றிவிட்டது. எதைச் சாப்பிட்டாலும் மண் மாதிரி இருக்கிறது என்றாள்.

பாதி வைத்தபின் மூன்று வாரம் ஓய்வு கொடுத்து ஊருக்கு அனுப்பினார்கள். அப்போது அம்மாவின் எடை முப்பத்தாறு கிலோ. டாக்டர் அப்பாவிடம், "முப்பத்தெட்டுக்குக் கொண்டு வாங்க. இதுக்கும் கீழ இறங்கிட்டா மீதிக் கரண்டை உடம்பு தாங்காது, பாதியில நிறுத்த வேண்டியதாயிடும்" என்று சொன்னார். பாதியில் நிறுத்தினால் முதல் பாதியும் வீணாகிவிடக்கூடும் என்று நான் கேட்டுத் தெரிந்துகொண்டேன். சாப்பாடு பற்றிச் சொல்லிக்கொடுக்க அங்கே ஒரு சிஸ்டர் இருந்தார். அவர் சொன்னதை நோட்டில் எழுதிக்கொண்டேன். "சாப்பாடு நோயைக் கரைக்காதும்மா. கரைக்கிறது கரண்டு. அந்தக் கரண்டைத் தாங்குறதுக்கு உடம்பு வேணும், உடம்புக்குச் சாப்பாடு வேணும். அவ்வளவுதான் விஷயம்" என்றார். காரம், புளிப்பு, சூடு இந்த மூன்றும்தான் ஆகாது. முட்டை, பால், மீன், பருப்பு, நிலக்கடலை எல்லாம் வேண்டும். மூன்று வேளை வயிறு நிறைய என்பதை மறந்துவிட்டு, ஆறு வேளை கொஞ்சம் கொஞ்சமாகக் கொடுக்க வேண்டும். ஒவ்வொரு முறையும் சாப்பிடுமுன் உப்பும் சோடா உப்பும் கரைத்த தண்ணீரில் வாய் கொப்பளிக்க வேண்டும். பஸ்ஸில் வரும்போதே எனக்கு மிகவும் தைரியமாக இருந்தது. ஒன்பதாம் வகுப்பில் ஊட்டச்சத்துப் பாடம் எனக்கு மனப்பாடம்.

லயத்துக்குள் நுழைந்ததும் என் நோட்டுக்கு எதிரிகள் கிளம்பிவிட்டார்கள். வரிசையில் மூன்றாம் காம்பரா வீட்டுப் பெரியம்மாவை உனக்கு நினைவிருக்கும், எங்களுடன் ஒரே கப்பலில் வந்தாரே, அவர்தான் முதலில் வந்தார். "கரண்டு வச்ச ஒடம்பு சூடு. முட்டையக் குடுத்தா இன்னும் சூடு" என்றார். அடுத்து ஒருவர், மீன் புண்ணைக் கிளறும் என்றார். இன்னொருவர், பால் சளி கட்டும் என்றார். பருப்பு வாயு, கிழங்கும் வாயு, வாழைப்பழம் குளிர்ச்சி. ஒவ்வொருவரும் அன்போடுதான் சொன்னார்கள், போகும்போது அம்மாவின் கன்னத்தைத் தொட்டுக் கண் கலங்கிவிட்டுத்தான் போனார்கள். எல்லோரும் சொல்லி முடித்தபோது கஞ்சித்தண்ணி ஒன்றுதான் மிஞ்சியிருந்தது. அப்பா வாசலில் நின்று எல்லாவற்றையும் கேட்டுவிட்டு, "கஞ்சித்தண்ணியில ஏதும் தோஷம் இருக்கா? இருந்தா அதையும் சொல்லிட்டுப் போங்க, வெறும் காத்தக் குடுத்துப் பாக்கலாம்" என்றார். பெரியம்மாவே சிரித்துவிட்டார். ஆனாலும் அம்மாவுக்குப் பத்தியம்தான் பிடித்திருந்தது. கஞ்சித்தண்ணி விழுங்க எளிது, வலிக்காது. நான் முட்டையை நீட்டினால், "பெரியவங்க சொல்றாங்கள்ல" என்று முகத்தைத் திருப்பிக்கொள்வாள்.

என் தவற்றையும் எழுத வேண்டும். பழங்களில்தான் புண் ஆறும் சத்து இருக்கிறது என்று பாடப் புத்தகத்தில் போட்டிருந்தது. சந்தையில் நல்ல ஆரஞ்சாகப் பார்த்து வாங்கி, பிழிந்து, ஒரு டம்ளர் கொண்டுபோய்க் கொடுத்தேன். ஒரு வாய்தான் குடித்தாள். அடுத்த நொடியில் டம்ளர் ஒரு பக்கம், அம்மா ஒரு பக்கம். வெந்த வாயில் புளிப்பு! சிஸ்டர் சொன்னதை என் கையாலேயே எழுதி வைத்திருந்தேன், ஆனால் அச்சில் இருந்ததால் பாடப் புத்தகம்தான் எனக்குப் பெரிதாகத் தெரிந்தது. அம்மா கண்ணீரைத் துடைத்துக்கொண்டு, "ஒம் பொஸ்தகத்த எழுதினவனுக்கு வாயி இருக்காடி?" என்று கேட்டாள். இப்போது அதை நினைத்து நாங்கள் சிரிக்கிறோம். அன்று நான் பின்பக்கம் போய் அழுதேன்.

எடை பார்க்க வேண்டுமே, அதற்கு எங்கே போவது? கோத்தகிரிக்குப் போய்வர அம்மாவுக்குத் தெம்பில்லை. நம்மிடம் இருப்பது கொழுந்துத் தராசு ஒன்றுதான். கொட்டகையில் விட்டத்திலிருந்து தொங்கும் வட்டத் தராசு, கீழே கொக்கி. நிறுப்பவர் காரமடைக்காரர், நாங்கள் ரைட்டர் அண்ணன் என்போம். சனிக்கிழமை சாயங்கால நிறுவை முடிந்ததும் அம்மாவோடு கொழுந்தெடுக்கும் ராக்கம்மா அக்காவும் அவருடைய கேங் பெண்களும் அம்மாவை அழைத்துப் போனார்கள். பெண்கள் இடுப்பில் கட்டும் படங்குச் சாக்கைப் பிரித்து, நான்கு மூலையையும் முடிந்து, தொட்டில் மாதிரி கொக்கியில் மாட்டி, அதில் அம்மாவை உட்கார வைத்தார்கள். ரைட்டர் அண்ணன் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு, முள்ளைப் பார்த்து, பழக்க தோஷத்தில் உரக்கச் சொன்னார்: "முப்பத்தாறரை. கழிவு ரெண்டு. முப்பத்துநாலரை!"

கொட்டகையே கத்தியது. ஈரத்துக்கும் சாக்குக்கும் என்று தினமும் எங்கள் கொழுந்தில் இரண்டு கிலோ கழிப்பவர் அவர். ராக்கம்மா அக்கா இடுப்பில் கை வைத்துக்கொண்டு, "கொழுந்துலதான் கழிக்கிறீங்க, சரி. பொம்பளையிலயுமா கழிப்பீங்க? எங்கக்கா மழையில நனஞ்சா வந்திருக்கு?" என்று கேட்டார். ரைட்டர் அண்ணன் நாக்கைக் கடித்துக்கொண்டு, "ஏனுங்க, வாய் தானா வந்துருச்சுங்க, மன்னிச்சுக்கோங்க அக்கா" என்றார். நான் சாக்கை மட்டும் தனியாக நிறுக்கச் சொன்னேன். அது ஒரு கிலோ. ஆகவே அம்மாவின் உண்மையான எடை முப்பத்தைந்தரை. "கண்ணு சரியாச் சொல்லுது பாருங்க. அடுத்த ரைட்டர் வேலைக்கு இதையே போட்டுரலாமுங்க" என்றார் அவர். எல்லோரும் சிரித்தார்கள். நான் சிரிக்கவில்லை. ஒரு வாரத்தில் அரைக் கிலோ குறைந்திருந்தது.

அடுத்த சனிக்கிழமை நடந்ததை எழுதும்போது அம்மா என் கையைப் பிடித்து நிறுத்தினாள். பிறகு, "சரி, எழுது" என்று விட்டுவிட்டாள். அன்று காலையிலிருந்து காற்று. நம் காம்பராக் கதவு படார் படாரென்று அடித்துக்கொண்டே இருந்தது. கதவுக்கு முட்டுக் கொடுக்கும் உருண்டைக் கல்லைக் காணவில்லை. அப்பா தேடினார், நானும் தேடினேன். அம்மா மட்டும் தேடவில்லை. சாயங்காலம் கொட்டகையில் அம்மா படங்கில் ஏறி உட்கார்ந்தாள். சாக்கைக் கழித்து முப்பத்தேழரை! பெண்கள் கைதட்டினார்கள். ரைட்டர் அண்ணன், "ரெண்டு கிலோ ஏறிருச்சுங்க அக்கா! கஞ்சித்தண்ணியில என்னத்தைக் கலந்து குடுக்குறீங்க, எனக்கும் சொல்லுங்க" என்றார். நான் அம்மாவைத் தாங்கி இறக்கினேன். அவள் இடுப்பில் கை வைத்தபோது மடிச்சேலைக்குள் கெட்டியாக, உருண்டையாக, குளிர்ச்சியாக ஒன்று தட்டுப்பட்டது. அது என்னவென்று எனக்கு உடனே தெரிந்துவிட்டது. கூடைக்கு அடியில் கல் வைப்பது, கொழுந்தைத் தண்ணீரில் நனைப்பது எல்லாம் தோட்டத்தில் பிறந்த எல்லோருக்கும் தெரிந்த வித்தைதானே! அம்மா அந்த வித்தையைக் கொழுந்தில் ஒருநாளும் செய்ததில்லை. தன் உடம்பில் செய்துவிட்டாள்.

நான் என்ன செய்தேன் தெரியுமா, அண்ணா? வீட்டுக்கு வந்து நோட்டில் முப்பத்தேழரை என்று எழுதினேன். தெரிந்தே எழுதினேன். எல்லோரும் அவ்வளவு சந்தோஷமாக இருந்தார்கள். அப்பா அன்று கடையில் எல்லோருக்கும் பன் வாங்கிக் கொடுத்தார். கல் மறுபடியும் கதவடிக்கு வந்துவிட்டது. நான் அதைப் பார்ப்பதைத் தவிர்த்தேன். ஞாயிறு போயிற்று, திங்கள் போயிற்று. செவ்வாய்க்கிழமை பள்ளிக்கூடத்தில் எந்தப் பாடமும் காதில் விழவில்லை. ஆஸ்பத்திரித் தராசில் மடியை அவிழ்த்துவிட்டு ஏறச் சொல்வார்களே, அன்று என்ன ஆகும் என்பதே மனசில் ஓடியது. சாயங்காலம் நேராக வீட்டுக்கு வராமல் கொட்டகைக்குப் போனேன். கடைசி நிறுவைக்காகக் காத்திருந்த கேங் பெண்கள் எல்லோருக்கும் முன்னால் ராக்கம்மா அக்காவிடம் சொல்லிவிட்டேன். பிறகு ராக்கம்மா அக்கா கூடையை அங்கேயே போட்டுவிட்டு நம் காம்பராவுக்கு நடந்தார். எல்லோரும் பின்னால் போனோம்.

அம்மா என்னைப் பார்த்த பார்வையை நான் மறக்க மாட்டேன். "காட்டிக் குடுத்துட்டியேடி" என்றாள். பிறகு சுவரைப் பார்த்துக்கொண்டு, "முழுங்க முடியல. எல்லாரும் எம் மூஞ்சியவே பாத்துக்கிட்டு, தின்னு தின்னுங்குறீங்க. மண்ணத் தின்னு பாருங்க நீங்க. பெரியவன் கப்பல் ஏறி வர்றதுக்குள்ள கரண்ட முடிச்சுரணும்னுதான் கல்ல வச்சேன்" என்றாள். ராக்கம்மா அக்கா உட்காரவில்லை. நின்றபடியே கேட்டார்: "அக்கா, அங்க இருந்தப்ப எத்தன வருசம் கொழுந்தெடுத்தீங்க?" அம்மா, "இருபத்திரண்டு" என்றாள். "அதுல எத்தன நாளு அரைப்பேரு?" அம்மா நிமிர்ந்துவிட்டாள். "நானா? அரைப்பேரா? ஒருநாளும் இல்ல! கங்காணியக் கேட்டுப் பாரு!" உனக்குத் தெரியும், அங்கே நாளுக்கு இத்தனை கொழுந்து என்று ஓர் அளவு, அது குறைந்தால் அரைப்பேர் என்று சொல்லிப் பாதி நாளை வெட்டிவிடுவார்கள். வலியோடு கொழுந்தெடுத்த நாளிலும் அம்மா முழுப்பேர்தான். ராக்கம்மா அக்கா சொன்னார்: "அப்ப நாளையிலேருந்து ஒங்களுக்குப் பேரு போடுறோம். ஒரு நாளைக்கு ஆறு டம்ளரு. கொறஞ்சா அரைப்பேரு. சின்னவ செக்ரோல்ல பேரு பதிவா. நாங்க எல்லாரும் கேக்க, கொட்டகையிலேயே பேரு சொல்லிக் கூப்புடுவோம்."

மறுநாளிலிருந்து அம்மா வீட்டில் சாப்பிடுவதையே விட்டுவிட்டாள். கழுத்தில் வெயில் படக்கூடாது என்று ஆஸ்பத்திரியில் சொல்லியிருந்ததால், மெல்லிய பருத்தித் துணியைச் சுற்றிக்கொண்டு கொட்டகை நிழலில் போய் உட்கார்ந்தாள். காலை நிறுவை, மத்தியான நிறுவை, சாயங்கால நிறுவை, இந்த மூன்றுக்கும் ஒவ்வொரு டம்ளர். மற்ற மூன்றும் நடுவில். அப்பா பேக்டரி ஷிப்டை மாற்றிக்கொண்டு சமையலை எடுத்துக்கொண்டார். ராகிக் கஞ்சியில் வறுத்த கடலை மாவைக் கரைத்தார். முட்டையை நன்றாக வேகவைத்து, ஆறிய பாலில் பிசைந்து வடிகட்டினார். உருளைக்கிழங்கை மசித்து வெண்ணெய் போட்டு, கரண்டியிலிருந்து தானாக வழியும் பதத்துக்குக் கொண்டுவந்தார். எல்லாமே ஆறித்தான் போகும். நான் பள்ளிக்கூடம் போன நேரத்தில் ரைட்டர் அண்ணனே கொழுந்து எழுதும் பென்சிலால் என் செக்ரோல் நோட்டில் கோடு போட்டார். பெண்கள் யாரும் அம்மாவின் வாயைப் பார்க்கவில்லை. அவர்களுக்கும் அதே நேரத்தில்தான் ரொட்டியும் தேத்தண்ணியும். யாருடைய மாமியார் என்ன சொன்னாள், எந்த மேஸ்திரிக்கு எந்தக் கால் குட்டை என்று பேசிக்கொண்டே தின்பார்கள். அந்தப் பேச்சில் அம்மாவுக்குத் தன் வாய் மறந்துபோனது. வாழ்நாள் முழுதும் மலையில் கூட்டத்தோடு நின்றபடி சாப்பிட்டவளை ஒரு மூலையில் தனியாக உட்கார வைத்து ஊட்டினால் எப்படி இறங்கும்? இது எந்தப் புத்தகத்திலும் இல்லை. முதல் நாள் ஐந்தரை டம்ளர்தான் முடிந்தது. "அரைப்பேரு!" என்று கொட்டகை முழுவதும் ஒரே கூச்சல். அம்மா கோபத்தில் அந்த அரை டம்ளரையும் எடுத்து, மூக்கைப் பிடித்துக்கொண்டு குடித்துவிட்டு, டம்ளரைக் கவிழ்த்துக் காட்டினாள். அதற்குப் பிறகு ஒருநாளும் குறையவில்லை. மூன்றாம் காம்பராப் பெரியம்மாவும் இரண்டு நாள் தள்ளி நின்று பார்த்துவிட்டு, மூன்றாம் நாள் தன் கோழி இட்ட முட்டைகளை முந்தானையில் கொண்டுவந்தார். "சூடுதான். ஆனா இவ ஒடம்பு கேக்குது போல" என்று சொல்லிக் கொடுத்தார்.

கடைசிச் சனிக்கிழமை அம்மா தானாகவே மடியை உதறிக் காட்டிவிட்டுப் படங்கில் ஏறினாள். முள் முப்பத்தேழரையில் நின்றது. ரைட்டர் அண்ணன் கண்ணாடியைக் கழற்றித் துடைத்துவிட்டு, "இன்னைக்குக் கழிவே இல்லீங்க" என்றார். நான் சாக்குக்கு ஒரு கிலோ கழித்தே ஆக வேண்டும் என்றேன். ராக்கம்மா அக்கா என் தலையில் குட்டினார், ஆனால் கழித்தார்கள். முப்பத்தாறரை. உண்மையான முப்பத்தாறரை. திங்கட்கிழமை ஆஸ்பத்திரித் தராசில் அரைக் கிலோ கூடுதலாக, முப்பத்தேழு காட்டியது. டாக்டர் கேட்டதோ முப்பத்தெட்டு. அவர் சீட்டையே திருப்பித் திருப்பிப் பார்த்துக்கொண்டிருந்தார். அம்மா தாங்க முடியாமல் கேட்டேவிட்டாள்: "அரைப்பேரா, ஐயா?" அவருக்கு விளங்கவில்லை. நான் எல்லாவற்றையும் சொன்னேன், கல்லையும் சேர்த்து. அவர் நாற்காலியில் சாய்ந்து சிரித்தார். பிறகு அம்மாவின் கண் இமையை இறக்கிப் பார்த்தார், வாயைப் பார்த்தார், தன் கையை இறுக்கிப் பிடிக்கச் சொல்லிப் பார்த்தார். "இறங்கிட்டு இருந்தது ஏற ஆரம்பிச்சிருக்கு. அது போதும். நாளைக்கே கரண்ட் வைக்கலாம்" என்றார். அம்மா நகரவில்லை. "அப்ப பேரு?" என்றாள். "முழுப்பேருதாம்மா" என்றார் டாக்டர்.

மீதிக் கரண்டும் முடிந்து ஐந்து மாதம் ஆகிறது. புண் ஆறிவிட்டது. போன வாரம் போய்க் காட்டினோம், இப்போது ஒன்றும் இல்லை என்றார்கள். ஆனால் இன்னும் சில வருடங்களுக்குத் தவறாமல் வந்து காட்ட வேண்டும் என்றும் சொன்னார்கள். அதையும் ஒளிக்காமல் எழுதுகிறேன். வாய் இன்னும் காய்கிறது, தண்ணீர் போத்தல் எப்போதும் மடியில் இருக்கும் (கல்லுக்குப் பதிலாக என்று அப்பா சொல்கிறார்). மிளகாய் தொடுவதில்லை. எடை நாற்பத்தொன்று. ருசி ஒரே நாளில் திரும்பவில்லை. ஒருநாள் காலையில் தேத்தண்ணியைக் குடித்துவிட்டு, "யாருடி இத இப்புடிக் கசக்கக் கசக்கப் போட்டது?" என்று அம்மா அதட்டினாள். போட்டது அப்பா. அவர் அடுப்பங்கரையிலேயே ஆடினார். லயத்துக்குப் பின்னால் கீரையும் பீன்சும் கேரட்டும் போட்டிருக்கிறோம். தினமும் காயும் கீரையும் பழமும் சேர்த்தால் இந்த நோய் வரவே வராதா என்று சிஸ்டரிடம் கேட்டேன். "அப்படி யாரும் எழுதித் தர முடியாது. முதல்ல புகையிலையையும் பாக்கையும் விடணும். நல்ல சாப்பாடு அதுக்கு அடுத்தது. கதவைச் சாத்தி வைக்கிற மாதிரிதான், காத்து அடிக்கிறது அடிக்கும்" என்றார்.

இனி வருவது அம்மா சொன்னது. சொன்னபடியே எழுதுகிறேன்.

"தம்பி, கலியாணத்தப் பத்தியும் சல்லி காசப் பத்தியும் ஒங்கப்பா புத்தி சொல்லுவாரு. நான் வாயப் பத்தி மட்டுந்தான் சொல்றேன். ஒனக்கு அப்ப பன்னெண்டோ பதிமூணோ. பேரு கூப்புடுற பெரட்டுக்குப் போகணும், இன்னும் விடியல, பனி கொட்டுது. வீட்டுல ரொட்டி ஒண்ணுதான் இருந்துச்சு. அதச் சின்னவளுக்குப் பிச்சுப் போட்டுட்டு, ஒனக்கு வெத்தலயில பொகையிலைய வச்சு மடிச்சுக் குடுத்தேன். வாயில அடக்கிக்க, பசி தெரியாதுன்னேன். நீ தல சுத்தி தண்ணிக் கான் ஓரத்துல உக்காந்துட்ட. நான் சிரிச்சேன். எங்கம்மா எனக்குக் குடுத்ததும் அப்புடித்தான். பசிக்குச் சாப்பாடு குடுக்க வேண்டிய கையி அது. நான் குடுத்தேன், நானே கேக்குறேன், துப்பிரு. இந்த எழுத்தக் கேட்டு முடிச்ச கையோட துப்பிரு. கப்பலுக்குக் காத்துக்கிட்டு இருக்காத. நாளைக்கே லீவு கேட்டு, நுவரெலியா பெரியாஸ்பத்திரிக்குப் போயி வாயத் தொறந்து காட்டு. ஒண்ணும் இல்லேன்னா சந்தோசமா வந்து கொழுந்தெடு. இருந்துச்சுன்னா, ஆரம்பத்துலயே பாத்தா நான் பட்ட பாடு ஒனக்கு இல்ல. அங்க யாராச்சும் பத்தியம்னு சொன்னா, சாமி கும்புட்ட மாதிரி ரெண்டு கையையும் கூப்பிக்கிட்டு, முட்டைய வாங்கித் தின்னு. தனியாத் திங்காத. நாலு பேரோட உக்காந்து தின்னு."

அந்த ரொட்டியைத் தின்றவள் நான். இதுவரை எனக்கு யாரும் சொன்னதில்லை. இதை எழுதும்போது கொஞ்ச நேரம் பேனாவை வைத்துவிட்டேன். அம்மா, "எழுது, எழுது, அழுவுறதுக்குத் தாளு பத்தாது" என்றாள். நான் அழவில்லை அண்ணா. நான் ஒன்றே ஒன்று கேட்கிறேன். உன் பதிலில் "நலம்" என்று மட்டும் எழுதி அனுப்பாதே. டாக்டர் உன் வாயைப் பார்த்து என்ன சொன்னார் என்று அப்படியே எழுது, நல்லதோ கெட்டதோ. உன் கடிதத்தைக் கொட்டகையில் எல்லோருக்கும் நடுவில்தான் படிக்கப்போகிறேன். கூட்டிச் சொல்லியிருந்தால் ரைட்டர் அண்ணன் உடனே கழிவு போட்டுவிடுவார். ஆஸ்பத்திரிக்கே போகாமல் எழுதியிருந்தால் என்ன கூச்சல் கேட்கும் என்று உனக்குத் தெரியும். நம் குடும்பத்தில் இதுவரை யாரும் அரைப்பேர் வாங்கியதில்லை.

வாட்சர் பேட்டரி லைட்டோடு வருவது ஜன்னலில் தெரிகிறது. அம்மா கதவடிக் கல்லைக் காலால் தள்ளிக் கதவைச் சாத்தப் போகிறாள். பன்னிரண்டாவது தாளின் பின்பக்கமும் முடிகிறது. இந்தக் கடைசி வரி கோணலாக இருந்தால் மன்னித்துக்கொள், விளக்கை அணைத்துவிட்டார்கள்.